உறுதிப்படுத்தல் இலக்கம்

ஒக்டோபர் பிறந்தால் என் கடையில் ஆள் சேரும்.
ஏகாம்பரம் வீதி, சலூனுக்கு மேல்மாடி.
போட்டோப்பிரதி, லமினேற்றிங், அமெரிக்க லொத்தர்.
வெள்ளைப் பெட்ஷீற் ஒன்றை ஆணியில் மாட்டியிருக்கிறேன்.
அதன்முன் நின்றால் எவரும்
எதையோ களவெடுத்தவர்போலத்தான் தெரிகிறார்.
சிரிக்கக் கூடாது. கண்ணாடி கூடாது.

தவசீலன் முதல்தடவை வந்த அன்று மழை.
துவாயால் தலையைத் துடைத்தபடி
"அங்கே ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு?" என்றார்,
நானே சம்பளம் குடுக்கிறவள்போல.
சீனக்குடா மா ஆலையில் வேலை.
கப்பல் வந்தால் இரவும் பகலும் இறக்கம்.
காதுமடலில், இமைமயிரில்
எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாத வெள்ளைப் பொடி.
"அங்கேருந்துதான் அக்கா கோதுமை வருது.
ஆற்றையோ வயலைத்தான் நான்
முகத்திலே பூசிக்கொண்டு திரியிறன்."

படிவம் எல்லாவற்றையும் கேட்கும்.
முதல் வருடம்: தனியாள்.
மூன்றாம் வருடம்: மணமானவர்.
நிரோசினி தாலிக்கொடியைச் சட்டைக்குள் ஒளித்துவிட்டுத்தான்
கமராவைப் பார்த்தாள்.
நாலாவதில் ஒரு பெண்குழந்தை. கழுத்து நிற்கவில்லை.
ஒரு கையால் தாங்கி மறுகையால் எடுத்தேன்.
என் விரல்நுனி ஒன்று
அமெரிக்கக் கணினி எதிலோ இன்னும் இருக்கும்.
ஏழாவதில் மவுசைத் தானே வாங்கி
'பிரிந்து வாழ்பவர்' என்ற வரியில் அழுத்தினார்.
நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டொலர் முன்னூற்றறுபதைத் தாண்டிய வருடம்
பெற்றோல் வரிசையிலிருந்து நேரே வந்தார்,
கையில் வெறும் கான்.
"நான் சும்மா நிக்க நிக்க
அவங்கள் பணக்காரராகிறாங்கள்."
அன்றுதான் கொப்பியைக் காட்டினார்.
பக்கம் முழுக்கக் கூட்டல், பெருக்கல்.
ஐந்து வருட உழைப்பு, வாடகை கழித்து, சாப்பாடு கழித்து,
மிச்சத்தில் ஒரு வீடு.
அங்கே இல்லை, இங்கே, உப்புவெளியில்.
இரண்டு மாடி. பல்கனி கடலுக்கு முதுகு காட்டி
றோட்டைப் பார்த்து நின்றது.
"கடலைப் பாக்க வேண்டாமோ?"
"நிலாவெளி பஸ் அதாலேதான் போகும்," என்றார்.
"யன்னல் பக்கம் இருக்கிறவைக்கு வடிவாத் தெரியும்."
நிரோசினியின் தாய்வீடு நிலாவெளி.

போன வருடம், ஒன்பதாம் தடவை.
இலக்கம் அடித்த தாளை நாலாய் மடித்துப் பொக்கற்றில் வைத்து
கோட்டை வாசலில் பிளேன்ரீ குடித்திருக்கிறார்.
மான் வந்து உருவி மென்றுவிட்டது.
எச்சில் ஊறிய ஒரு துண்டோடு படியேறி வந்து
வயிறு குலுங்கச் சிரித்தார். அதில் இரண்டு எழுத்து மிச்சம்.
"விழுந்தால் மான் போகட்டும்.
வேறை பிரதி இருக்கோ அக்கா?"
"இல்லை," என்றேன்.

பொய்.
எல்லா இலக்கமும் என் பதிவேட்டில் இருக்கிறது.
ஏன் சொன்னேன்?
எட்டு மே மாதங்களில் அந்த முகத்தைப் பார்த்தவள் நான்.
இனி ஒரு மேயாவது அவருக்கு வெறும் மேயாக வரட்டும் என்று,
அல்லது அதைப்போல் ஏதோ.

மேயில் ஓர் இரவு கடையைச் சாத்திவிட்டு
நூற்றுப்பதினேழு பேரையும் ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்ப்பேன்,
அவர்கள் வரமுன் என் முகத்தைச் சரிசெய்துகொள்ள.
தெரிவாகவில்லை. தெரிவாகவில்லை.
அந்தப் பக்கம் எப்போதும் ஒரே நீளம்,
இரண்டு வரி, கீழே வெறுமை.

தவசீலனின் பக்கம் நீளமாக இருந்தது.
கீழே இழுக்க இழுக்க இன்னும் வந்தது.

பிரின்ரர் மூன்று தாளைத் துப்பியது, சூடாக.
குடாவில் கப்பல் நிற்கிறது, விளக்குகள் எரிய;
இறக்கி முடிய நாலு நாள், வரமாட்டார்.
எட்டிப் பார்த்தேன்.
சலூன் வாசலில் மான் ஒன்று
வெட்டிக் கூட்டிய மயிரை மணந்துகொண்டு நின்றது.
மேல்மாடிக்கு மான் ஏறாது, தெரியும்.
இருந்தும் தாள்களை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன்.